முகவாய்க்கு இம்ப்ளான்ட்: பெங்களூரில் செய்துகொண்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள்

மாரத்தஹள்ளி மதி:
எல்லோருக்கும் வணக்கம். வயசு 27, சொந்த ஊர் தென்காசி, வேலை இங்கே மாரத்தஹள்ளியில். எனக்கு முகவாய் ரொம்ப உள்வாங்கி இருக்கும். நேரே பார்த்தால் அவ்வளவாகத் தெரியாது. பக்கவாட்டில் பார்த்தால் கீழுதட்டுக்கு அப்புறம் கழுத்துதான். காலேஜ் நாளிலிருந்து தாடி வைத்துத்தான் சமாளிக்கிறேன். இப்போது வீட்டில் பெண் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள், போட்டோ அனுப்பு என்று அம்மா தினமும் கேட்கிறார்.

இந்திராநகர் பக்கம் ஒரு கிளினிக்கில் போய்ப் பேசினேன். முகவாய் எலும்பின் மேல் சிலிகான் துண்டு ஒன்றை, அதாவது இம்ப்ளான்ட், வைக்கலாம், காலையில் வந்தால் சாயந்தரம் வீட்டுக்குப் போகலாம், வெள்ளிக்கிழமை செய்தால் திங்கட்கிழமை ஆபீஸ் என்றார்கள். இந்த வாரமே முன்பணம் கட்டினால் தள்ளுபடியாம். உண்மையிலேயே இவ்வளவு சுலபமா? வலி எப்படி இருக்கும்? வாய்க்குள்ளே வெட்டுவது நல்லதா, வெளியே வெட்டுவதா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை, ரூமில் இருக்கும் நண்பனுக்கு மட்டும் தெரியும்.

அல்சூர் வாணி:
தம்பி, நான் முகவாய் இம்ப்ளான்ட் வச்சு சில வருஷம் ஆகுது. எனக்கு முழுத் திருப்தி, அதை முதல்லயே சொல்லிடறேன். ஆனா திங்கட்கிழமை ஆபீஸ்ங்கிறது எனக்கு நடக்கல, கூட வேற யாருக்கும் நடந்து நான் பார்க்கல. கேமராவை அணைச்சுட்டு வீட்லருந்து வேலை பார்க்கலாம், அவ்வளவுதான்.

எனக்கு முகவாய்க்கு அடியில, வெளியே தெரியாத மடிப்புல வெட்டினாங்க. முழு மயக்கம் கொடுத்தாங்க. எழுந்ததும் முகவாயைச் சுத்தி இறுக்கமா டேப். வலின்னு பெருசா இல்ல, மாத்திரையில அடங்கிடுச்சு. கஷ்டப்படுத்தினது இறுக்கம்தான். வாயைத் திறந்தா தோல் பத்தாத மாதிரி இழுக்கும்.

ரெண்டாம் மூணாம் நாள்தான் வீக்கம் உச்சத்துல இருக்கும். கண்ணாடியில பார்த்தப்போ பெரிய சைஸை வச்சுட்டாங்களோன்னு அழுதேன். யாருமே இதை முன்கூட்டிச் சொல்லல. வீக்கத்துல முகவாய் ரெண்டு பங்கு தெரியும், கன்னிப்போன நிறம் கழுத்து வரைக்கும் இறங்கும். அந்த வாரத்துல எந்த முடிவுக்கும் வராதீங்க. ரெண்டு வாரத்துல வெளியாளுக்கு வித்தியாசம் தெரியாத அளவுக்கு வந்துடும். நிஜமான வடிவம் தெரிய சில மாசம் ஆகும்.

இன்னொண்ணு, கீழுதடு மரத்துப்போச்சு. காபி சூடு தெரியாம உதட்டைச் சுட்டுக்கிட்டேன். சிரிச்சா கீழுதடு கூடவே வராது, பொம்மை மாதிரி இருக்கும். அப்புறம் எறும்பு ஊர்ற மாதிரி ஒரு உணர்வு வந்து கொஞ்சம் கொஞ்சமா சரியாச்சு.

பைக்ல போறவரா நீங்க? ஹெல்மெட் வார் சரியா அந்த இடத்துலதான் அழுத்தும். நம்ம ஊர் குழிகளுக்கு ஒவ்வொரு தூக்கலுக்கும் வார் இழுக்கும். டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் மெட்ரோ, இல்லன்னா ஆட்டோ. ஹெல்மெட்டைக் கழட்டிட்டு ஓட்டலாம்னு மட்டும் நினைக்காதீங்க.

தாடைமருத்துவம்:
நான் இங்கே பெங்களூரில் வாய், முகம், தாடை அறுவை சிகிச்சை செய்கிறவன். என் கிளினிக்குக்கு ஆள் சேர்க்க எழுதவில்லை, தனிச்செய்தியில் முகவரி கேட்க வேண்டாம்.

மதி, அந்த கிளினிக்கில் உங்களை வாயைத் திறந்து பல்லைக் கடித்துக் காட்டச் சொன்னார்களா? பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்தார்களா? உங்கள் பதிவில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை, அதனால்தான் கேட்கிறேன்.

முகவாய் உள்வாங்கித் தெரிவதற்குப் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் காரணம். தாடை சரியான இடத்தில் இருக்கும், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சரியாகப் பொருந்தும், முகவாய் நுனி எலும்பு மட்டும் சிறிதாக இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு இம்ப்ளான்ட் நல்ல தீர்வு, வாணி அவர்களைப் போலத் திருப்தியாக இருப்பார்கள். இன்னொரு வகையில் கீழ்த்தாடை முழுவதுமே வளராமல் பின்தங்கியிருக்கும். அதில் முகவாய்க்கு இம்ப்ளான்ட் வைத்தால் பக்கவாட்டுத் தோற்றம் ஓரளவு மாறும். பல்லும் நாக்கும் மூச்சுப்பாதையும் இருந்த இடத்திலேயே இருக்கும். பின்னால் தாடையைச் சரிசெய்யலாம் என்று முடிவெடுத்தால் வைத்ததை எடுக்க வேண்டி வரலாம்.

அதனால் மூன்று கேள்வி. மேல் முன்பற்கள் கீழ்ப் பற்களைத் தாண்டி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கின்றனவா? உதட்டை மூடும்போது முகவாய்த் தசை சுருங்கிக் குழி குழியாகத் தெரிகிறதா? தூக்கத்தில் குறட்டை உண்டா?

இனி நீங்கள் கேட்டவை. முகவாய்க்கு வைக்கும் சிலிகான் திடமானது, மார்பகத்துக்கு வைப்பதுபோல் உள்ளே ஜெல் கிடையாது. அதனால் உடைந்து கசியும் என்ற பயம் வேண்டாம். எலும்பின் மேலுள்ள சவ்வைத் தூக்கி அதனடியில் அதே அளவுக்கு இடம் செய்து உள்ளே வைக்கிறோம். சிலர் ஸ்க்ரூ போட்டும் நிறுத்துவார்கள். உடம்பு அதைச் சுற்றி மெல்லிய உறை கட்டிக்கொள்ளும். அந்த உறை இருப்பதால்தான் தேவைப்பட்டால் சிலிகானைச் சுலபமாக வெளியே எடுக்க முடிகிறது. நுண்துளை உள்ள பாலிஎத்திலீன் இம்ப்ளான்ட் வேறு மாதிரி. துளைகளுக்குள் திசு வளர்ந்து நன்றாகப் பிடித்துக்கொள்ளும், நகராது. ஆனால் எடுக்க வேண்டி வந்தால் பெரிய வேலை. எது உயர்ந்தது என்று கேட்பதைவிட, எனக்கு ஏன் இதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று டாக்டரிடம் கேளுங்கள்.

வாய்க்குள் வெட்டினால் வெளியே தழும்பு இல்லை. ஆனால் வாயில் கிருமி எப்போதும் உண்டு, தையல் ஆறும்வரை கொப்பளிப்பதும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் கறாராக இருக்க வேண்டும். முகவாயைத் தூக்கிப் பிடிக்கும் தசையையும் அந்த வழியில் வெட்டித்தான் போக வேண்டும். அதைத் திரும்பச் சரியாகத் தைக்காவிட்டால் முகவாய்ச் சதை தொங்கும், கீழ்ப்பல் கூடுதலாகத் தெரியும். வெளியே வெட்டினால் சின்னத் தழும்பு இருக்கும், இம்ப்ளான்ட்டை நடுக்கோட்டில் நேராக வைப்பது சுலபம். எந்த வழியிலும் உதட்டுக்கு உணர்வு கொடுக்கும் நரம்பு பக்கத்திலேயே இருக்கிறது. மரப்பு பெரும்பாலானோருக்கு வாரங்களிலோ மாதங்களிலோ திரும்பிவிடும். அபூர்வமாகச் சிலருக்கு நிரந்தரமாகத் தங்கிவிடும், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் இதை ஏற்றுக்கொள்ள முடியுமா என்று யோசியுங்கள்.

வருஷங்கள் போனால் இம்ப்ளான்ட்டுக்கு அடியில் எலும்பு சிறிது கரைந்து உள்வாங்குவதும் எக்ஸ்ரேயில் தெரியும். அநேகம் பேருக்கு அதனால் தொந்தரவு இல்லை. இம்ப்ளான்ட் வைத்த இடத்தைவிட மேலே ஏறிப் பல் வேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கவலை.

மாரத்தஹள்ளி மதி:
டாக்டர் சார், மூன்றுக்கும் ஆமாம். மேல்பல் நன்றாகவே முன்னால் இருக்கிறது, சின்ன வயதில் கிளிப் போடச் சொன்னார்கள், அப்பாவால் அப்போது முடியவில்லை. உதட்டை மூடினால் முகவாய் சுருங்கும். குறட்டையைப் பற்றி நண்பனிடம்தான் கேட்க வேண்டும், அவன் காதில் பஞ்சு வைத்துத்தான் தூங்குகிறான். மத்தியானம் மீட்டிங்கில் கண் சொக்கும். கிளினிக்கில் போனில் போட்டோ எடுத்து, கம்ப்யூட்டரில் முகவாயை இழுத்துக் காட்டினார்கள். எக்ஸ்ரே எடுக்கவில்லை.

தாடைமருத்துவம்:
அப்படியானால் முன்பணம் கட்டாதீர்கள்.

குறட்டையும் பகல் தூக்கமும் சேர்ந்திருந்தால் முதலில் தூக்கப் பரிசோதனை. இரவில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று அதில் தெரிந்துவிடும், வீட்டிலேயே கருவியை மாட்டிக்கொண்டு செய்யும் முறையும் உண்டு. பின்தங்கிய தாடை உள்ளவர்களுக்கு நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப்பாதையை அடைப்பது சகஜம். கவனிக்காமல் விட்டால் ரத்த அழுத்தம், இதயம் என்று பாதிக்கும். சிலிகான் அதற்கு ஒன்றும் செய்யாது. மூச்சு நிற்கும் பிரச்சினை இருந்தால் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து, பல்லுக்குக் கம்பி போடும் நிபுணரைப் பாருங்கள். கோட்டைப் பக்கம் விக்டோரியா மருத்துவமனை வளாகத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே கம்பி போடும் துறையும் தாடை அறுவைத் துறையும் ஒரே இடத்தில் உண்டு. காத்திருக்க வேண்டும், ஆனால் யாரும் உங்களுக்கு எதையும் விற்க மாட்டார்கள். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் மேல்தாடை, கீழ்த்தாடை, முகவாய் மூன்றும் எங்கெங்கே நிற்கின்றன என்று கோடு போட்டு அளப்பார்கள்.

குறை முகவாயில் மட்டும்தான் என்று வந்தால் இம்ப்ளான்ட் ஒரு வழி. முகவாய் எலும்பையே குறுக்காக வெட்டி முன்னால் நகர்த்தி டைட்டானியம் பிளேட்டால் பிடிப்பது இன்னொரு வழி. அது சொந்த எலும்பு, ஒட்டிக்கொண்டபின் அந்நியப் பொருளைப் பற்றிய கவலை பெரிதாக இல்லை. நாக்கைப் பிடித்திருக்கும் தசையும் அந்த எலும்போடு முன்னால் வரும். தாடை முழுவதும் பின்னால் இருந்தால், முதலில் கம்பி போட்டுப் பல்லை வரிசைப்படுத்தி, அப்புறம் தாடையை நகர்த்தும் அறுவை. எல்லாம் முடிய ஒன்றரை, இரண்டு வருஷம்கூட ஆகலாம். கல்யாணத்துக்குள் முடியாது என்று தோன்றும், அதைப் பெண் வீட்டாரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடலாம்.

ஜெயநகர் கண்ணன்:
நல்லது மட்டும் சொல்லிக்கிட்டு இருந்தா சரியில்ல, என் கதையும் இங்க இருக்கட்டும். எனக்கு வாய்க்குள்ள வெட்டி சிலிகான் வச்சாங்க. வடிவம் நல்லா வந்துச்சு. பல மாசம் கழிச்சு கீழ் முன்பல்லு ஒண்ணு செத்துப்போய் வேர்ல சீழ் வச்சுது. அது அப்படியே இம்ப்ளான்ட்டுக்குப் பரவிடுச்சு. முகவாய் சிவந்து வீங்கி, தொட்டா சுடும். ஆன்டிபயாடிக் சாப்பிட்டா அடங்கும், நிறுத்தினா திரும்ப வரும். கடைசியில எடுக்கத்தான் வேண்டியிருந்துச்சு. இம்ப்ளான்ட் மேல கிருமி ஒரு படலமா ஒட்டிக்கிட்டா மருந்து உள்ள போய் வேலை செய்யாதுன்னு அப்பதான் சொன்னாங்க. எடுத்த உடனே வேற வைக்க முடியாது, நல்லா ஆறணும். இப்போ நான் வைக்காமலே இருக்கேன், முகவாய்ல லேசா சுருக்கம் இருக்கு, பழகிடுச்சு.

யாராவது வைக்கிறதா இருந்தா, அதுக்கு முன்னாடி பல்லை முழுசா எக்ஸ்ரே எடுத்து, சொத்தை, ஈறு வீக்கம் எல்லாத்தையும் முடிச்சுட்டு வைங்க. வச்சப்புறம் எந்தப் பல் டாக்டர்கிட்ட போனாலும் முகவாயில இம்ப்ளான்ட் இருக்குன்னு முதல் வார்த்தையா சொல்லுங்க.

செவிலி மேரி:
நான் ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்க்கிறேன், ஃப்ரேசர் டவுன். டாக்டர் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன்.

செய்யப்போகும் இடத்தில் மயக்க மருந்து நிபுணர் கூடவே இருப்பாரா, ஏதாவது ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவு எங்கே என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் கோபப்படும் இடமாக இருந்தால் வெளியே வந்துவிடுங்கள். 2022 மே மாதம் இதே ஊரில் கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குப் போன 21 வயது டிவி நடிகை உயிரோடு திரும்பவில்லை. அழகுக்காகச் செய்தாலும் அது அறுவை சிகிச்சைதான். கர்நாடகத்தில் தனியார் மருத்துவ நிறுவனச் சட்டம் 2007இலிருந்து இருக்கிறது, ஒவ்வொரு இடமும் அதன்கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தச் சான்றைப் பாருங்கள், எந்த வகை நிறுவனம் என்று அதில் இருக்கும். வெளிநோயாளி கிளினிக் என்று மட்டும் பதிவு வாங்கிவிட்டு உள்ளே அறுவை செய்கிறார்களா என்று தெரிந்துவிடும். டாக்டரின் பட்டத்தையும் பாருங்கள். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி., முகத்தாடை அறுவையில் எம்.டி.எஸ். இருக்கிறதா? சில நாள் பயிற்சிச் சான்றிதழைச் சுவரில் மாட்டி வைத்திருப்பது இதற்கு ஈடாகாது.

இம்ப்ளான்ட் டப்பாவில் ஸ்டிக்கர் இருக்கும், கம்பெனி பெயர், சைஸ், தொகுதி எண் எல்லாம் அதில். ஒன்று உங்கள் ஃபைலில் ஒட்டப்பட வேண்டும், ஒன்றை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் கழித்து வேறு ஊரில் எடுக்க வேண்டி வந்தாலும் அந்தச் சீட்டு உதவும்.

சிகரெட், பீடி, குட்கா எதுவானாலும் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், அப்புறமும் தொடக்கூடாது, புண் ஆறாது. சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டுத்தான். ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ சாப்பிடுகிறவர்கள் சொல்லிவிடுங்கள், ரத்தக் கசிவு கூடும். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது. வாய்க்குள் தையல் இருந்தால் முதல் சில நாள் ஆறவைத்த ராகிக் கஞ்சி, குழைந்த ரசம் சாதம், மோர். முறுக்கு, மிக்சர், காரம் வேண்டாம், ஸ்ட்ராவில் உறிஞ்சவும் வேண்டாம். தலையை உயர்த்திப் படுங்கள். வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்த வலி திரும்பக் கூடினாலோ, ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

மதி தம்பி, வீட்டில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அன்றைக்கு ராத்திரி கூட ஒரு ஆள் கட்டாயம் வேண்டும்.

தமிழ்ச்சங்கம் பெரியசாமி:
எனக்கு எழுபது வயது. பெற்றவர்கள் கொடுத்த முகத்தை வெட்டிக் கொத்துவது எதற்கு என்றுதான் முதலில் தோன்றியது. நல்ல வேலையில் இருக்கிற பையன், குணத்தைப் பார்த்துப் பெண் கொடுப்பார்கள். தம்பி மனம் நோகச் சொல்லவில்லை.

அல்சூர் வாணி:
ஐயா, அக்கறையில சொல்றீங்கன்னு புரியுது. ஆனா பள்ளிக்கூடத்துல எனக்கு வச்ச பேரை இன்னிக்கும் என்னால இங்க எழுத முடியாது. போட்டோ எடுக்கும்போதெல்லாம் கையை முகவாய்க்கு முட்டுக் கொடுத்து உட்காருவேன். அந்தப் பழக்கம் இப்போ இல்ல. அதுக்காகத்தான் செஞ்சேன், யாரையும் மயக்க இல்ல.

தாடைமருத்துவம்:
வாணி அவர்கள் சொன்னதை மதிக்கிறேன். பெரியவர் சொன்னதிலும் ஒன்று இருக்கிறது. மற்றவர் கண்ணுக்கே தெரியாத குறையை நாள் முழுக்கக் கண்ணாடியில் தேடுகிறவர்கள், ஒரு அறுவை முடிந்ததும் அடுத்த குறையைக் கண்டுபிடிக்கிறவர்கள் எங்களிடம் வருவதுண்டு. அது மனநலம் சம்பந்தப்பட்ட ஒரு நிலை, சிகிச்சை உண்டு, கத்தி அதற்கு உதவாது. அப்படிப்பட்டவர்களுக்கு நிம்ஹான்ஸ் என்ற மனநல மருத்துவமனை இந்த ஊரிலேயே இருக்கிறது. மதியின் விஷயம் அது இல்லை, அவருக்கு அளந்து பார்க்கக்கூடிய எலும்புக் குறை இருப்பதாகத்தான் தெரிகிறது.

கே.ஆர்.புரம் செல்வி:
என் மகளுக்கு 16. செல்ஃபி எடுத்து எடுத்து முகவாய் சின்னதா இருக்கு, ஊசி போட்டுக்கறேங்கிறா. என்ன சொல்லி நிறுத்தறது?

தாடைமருத்துவம்:
அம்மா, 16 வயதில் தாடை வளர்ச்சி முழுதாக முடியாமல் இருக்கலாம், இப்போது இம்ப்ளான்ட்டும் வேண்டாம், தோலுக்கடியில் நிரப்பி மேடாக்கும் ஃபில்லர் ஊசியும் வேண்டாம். ஃபில்லர் சில மாதங்களிலிருந்து ஒன்றரை வருஷம்வரை நின்று கரையும். தவறி ரத்தக் குழாய்க்குள் போனால் தோல் அழுகலாம், அபூர்வமாகப் பார்வையே போனதுண்டு. அழகு நிலையத்தில் போட்டுக்கொள்ளும் சமாச்சாரம் இல்லை. செல்ஃபியைப் பற்றி அவளிடம் ஒன்று சொல்லுங்கள். 12 அங்குலத் தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கு, 5 அடியில் எடுத்ததைவிடச் சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. மூக்கு பெரிதானால் முகவாய் சிறிதாகத்தான் தோன்றும். வேறு யாராவது தள்ளி நின்று எடுத்த படத்தைக் காட்டுங்கள். பல் கடி சரியில்லை என்றால் மட்டும் கம்பி நிபுணரிடம் கூட்டிப் போங்கள், அதற்கு இது நல்ல வயதுதான்.

மாரத்தஹள்ளி மதி:
எல்லோருக்கும் நன்றி. கோட்டை பல் கல்லூரிக்குப் போய்வந்தேன். எக்ஸ்ரேயில் கீழ்த்தாடை முழுவதுமே பின்னால் இருக்கிறது என்றார்கள். தூக்கப் பரிசோதனையில் மூச்சு நிற்பது மிதமான அளவில் இருக்கிறது. கம்பி போட ஒப்புக்கொண்டுவிட்டேன், தாடை அறுவை பிறகு. அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் சின்ன வயதில் கிளிப் போடாமல் விட்டதை நினைத்து அழுதார். இதற்கு இன்சூரன்ஸ் வருமா?

ஒசூர் ரோடு பாலா:
மதி கேட்டதையே நானும் கேக்கணும். எங்கப்பாவுக்கு 2021ல கொரோனாவுக்கு அப்புறம் கருப்புப் பூஞ்சை வந்து, மேல்தாடையும் ஒரு பக்கக் கன்ன எலும்பும் எடுத்துட்டாங்க. உயிரைக் காப்பாத்தினதே பெருசு. இப்போ கன்னம் குழிஞ்சு, தண்ணி குடிச்சா மூக்கு வழியா வருது. முகத்துக்கு இம்ப்ளான்ட் வைக்கலாம்ங்கிறாங்க.

தாடைமருத்துவம்:
பாலா, உங்கள் அப்பாவுக்குச் செய்வது அழகு சிகிச்சை ஆகாது. சிடி ஸ்கேன் எடுத்து, அவர் எலும்பின் அளவுக்கே கணினியில் வடிவமைத்து டைட்டானியத்திலோ பீக் என்ற கடினமான பிளாஸ்டிக்கிலோ செய்து வைப்பார்கள். நோய் மிச்சமில்லை என்று ஸ்கேனில் உறுதியான பிறகுதான் தொட வேண்டும், சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க வேண்டும். இம்ப்ளான்ட்டை மூட நல்ல திசு போதாவிட்டால் கால் எலும்பையும் சதையையும் ரத்தக் குழாயோடு எடுத்து வைத்துக் கட்டுவார்கள். அதுவரைக்கும் அண்ணத்தை மூடும் தட்டு ஒன்றைப் பல் கல்லூரியிலேயே செய்து தருவார்கள், தண்ணீர் மூக்கில் வருவது உடனே நிற்கும். அதை முதலில் செய்யுங்கள்.

செவிலி மேரி:
இன்சூரன்ஸ் பற்றி: தோற்றத்துக்காக மட்டும் செய்வதற்கு எந்த சாதாரண பாலிசியிலும் பணம் வராது, ஜிஎஸ்டி விலக்கும் கிடையாது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பின் சீரமைப்பது, உடல்நலத்துக்கு நேரடியான உடனடி ஆபத்தை நீக்கத் தேவை என்று மருத்துவர் சான்று தருவது ஆகியவற்றுக்குப் பாலிசியில் பணம் கேட்கலாம். பாலா, பூஞ்சைக்கு அப்பாவுக்கு அறுவை நடந்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சுருக்கத்தின் அசலைத் தேடி எடுத்து வையுங்கள், எடுத்த எலும்பு எது என்று அதில் இருக்கும். மதி தம்பி, தூக்கப் பரிசோதனை அறிக்கையையும் பல் கல்லூரியின் எக்ஸ்ரே அளவையும் இணைத்து, மூச்சுத் தடைக்காகச் செய்கிறோம் என்று டாக்டரிடம் கடிதம் வாங்கி, அறுவைக்கு முன்பே முன் அனுமதிக்கு அனுப்புங்கள். பல் கம்பிக்குப் பெரும்பாலும் தரமாட்டார்கள், தாடை அறுவைக்குக் கேட்டுப் பார்க்கலாம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போக அந்தக் கடிதம் வேண்டும்.